ஆறாவது ஆளின் ரத்தம்

ஜூன் 9, திங்கள்

இன்று எனக்கு வரவேண்டிய ஆறாவது ஆள் ஓடிப்போனார். பெயரைச் சொல்லமாட்டேன், நூலகத்தில் வேலை, ஆறடி உயரம், முறுக்கு மீசை. ஊசியைக் கண்டதும் "சிஸ்டர், மாடியில ஃபேன் ஆஃப் பண்ணாம வந்துட்டேன்" என்று போனவர்தான்.

என் ஆராய்ச்சிக்கு ஆரோக்கியமான மனிதர்கள் ஆறு பேர் வேண்டும். மதுரையில் இத்தனை லட்சம் ஜனம். ஆனால் மூட்டுவலி இல்லாத, சர்க்கரை இல்லாத, போன வாரம் காய்ச்சல் வராத, கையை நீட்டுகிற ஆறு பேரைப் பிடிப்பதற்குள் எனக்கு ரத்தக்கொதிப்பு வந்துவிடும்.

வேலை இதுதான். முடக்குவாதக்காரர்களின் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, அவை எவ்வளவு கூச்சல் போடுகின்றன என்று அளக்கிறேன். கூச்சல் என்றால் சத்தம் இல்லை, ஒரு புரதம். 'கிருமி வந்துவிட்டது, எல்லோரும் ஓடிவாருங்கள்' என்று மற்ற அணுக்களைக் கூப்பிடுவதற்காகச் சுரப்பது. முடக்குவாதத்தில் கிருமியே இல்லாமல் கூப்பிடும். வந்த கூட்டம் வெறுங்கையோடு திரும்புமா? மூட்டைத் தின்னும். மெதோட்ரெக்சேட் மாத்திரை தொடங்கும் முன் ஒருமுறை, தொடங்கி மூன்று மாதம் கழித்து ஒருமுறை அளந்தால், மருந்து அந்த அணுக்களை என்ன செய்தது என்று தெரியும். பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆரோக்கியமானவர்கள் ஆறு பேர்; அவர்களைக் 'கன்ட்ரோல்' என்போம்.

கடைசியில் என் கையையே நீட்டினேன். இசக்கி எடுத்தாள். அவளும் என்னோடு முனைவர் பட்டத்துக்குப் படிப்பவள், நாங்குநேரிக்காரி.

"உன் ரத்தம் சுத்தமாத்தான் இருக்குமாட்டி? நாக்குல அம்புட்டு விஷம் இருக்கே!"

சட்டப்படி என் ஆராய்ச்சிக்கு என் ரத்தத்தை நானே கொடுக்கக் கூடாது. அந்த நேரத்தில் சட்டம் டீ குடிக்கப் போயிருந்தது. குழாயில் 'ஆறாவது ஆள்' என்று மட்டும் எழுதி ஒட்டினோம்.

ஜூன் 12, வியாழன்

அந்தப் புரதத்தை அளக்கும் குழித்தட்டில் கடைசியாக அமிலம் விட்டதும் நிறம் மாறும். கூச்சல் போடாத அணுக்களுக்கு வெளுத்த மோர் நிறம். போடுகிறவற்றுக்கு மஞ்சள். ஐந்து பேர் மோர். ஆறாவது ஆள் மஞ்சள் நீராட்டு விழா.

இசக்கி தட்டைச் சரியாகக் கழுவவில்லை. அவளிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அந்தத் தட்டே கழுவப்பட்டிருக்கும்.

நேற்று போர்வை துவைத்தேன். அதில் விரல்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. விடுதியில் தருகிற சோப்பு அப்படி. குழாய் மூடிகளை எல்லாம் இசக்கியையே திறக்கச் சொன்னேன். அவளுக்கும் பயிற்சி வேண்டும் அல்லவா.

ஜூன் 17, செவ்வாய்

புதிய ரத்தம் எடுத்து மறுபடியும் செய்தாகிவிட்டது. இந்தமுறை நானே கழுவினேன். ஆறாவது ஆள் மறுபடியும் மஞ்சள்.

ஏசி சரியில்லை. மின்சாரப் பிரிவுக்குப் புகார் எழுதிப்போட்டேன்.

ஜூன் 21, சனி

துறைகளுக்கு இடையிலான கேரம் போட்டி. இரண்டு வருடம் தொடர்ந்து ஜெயித்தவள் நான். இன்று முதல் சுற்றிலேயே, கணக்குப் பிரிவில் ஓய்வுபெறப் போகும் ஒரு அம்மாவிடம் தோற்றேன். ஸ்ட்ரைக்கரைச் சுண்டினால் அது பக்தியோடு பாதிவழியில் உட்கார்ந்துகொள்கிறது. பவுடர் ஈரம். பலகையும் சாய்வு. அந்த அம்மாவுக்கும் அதே பவுடர், அதே பலகை என்று இசக்கி சொன்னதை இங்கே பதிவுசெய்ய வேண்டிய அவசியம் இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்தவன் விளங்கவே மாட்டான். இன்று குர்தா.

ஜூன் 27, வெள்ளி

தைரியநாதன் சார் குழித்தட்டைப் பார்த்துவிட்டார். அவர் என் வழிகாட்டிப் பேராசிரியர். பாளையங்கோட்டைக்காரர், மெதுவாகத்தான் பேசுவார். அதனால் தப்பிக்க நேரம் இருக்கும் என்று நினைத்து ஏமாந்தவர்கள் பலர்.

"செண்பகவல்லி, இது ஆறாவது கன்ட்ரோலா?"

"ஆமா சார்."

"ரெண்டு தடவையும் இப்படியா?"

"ஏசி சார்..."

"ஏசி மத்த அஞ்சு பேரையும் விட்டுட்டு இவங்களை மட்டும் பிடிச்சுதாக்கும்? இவங்களுக்கு மூட்டுவலி உண்டா?"

"இல்லைனு சொன்னாங்க சார்."

"நீ கேட்டியா?"

"கேட்டேன் சார்."

இது சத்தியம். கேட்டேன். இல்லை என்றுதான் சொன்னாள்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். "இந்தத் தட்டை வச்சு நோய்னு சொல்லிட முடியாது. ஆனா ஒருத்தர்கிட்ட ரத்தத்தை வாங்கிட்டு, அதுல தெரியுறதை அவங்களுக்குச் சொல்லாம இருந்தா நாம கொசுவுக்குச் சமம். மூட்டுநோய்ப் பிரிவுல மெஹருன்னிசா டாக்டரைப் பார்க்கச் சொல்லு. இன்னைக்கே சொல்லு."

சரி என்றேன்.

ஜூலை 1, செவ்வாய்

"சொன்னியாம்மா?"

"அவங்க ஊர்ல இல்ல சார். குற்றாலம் போயிருக்காங்க. சீசன்."

வாயிலிருந்து தானாக வந்தது. ஆறாவது ஆள் அருவியில் குளிப்பதை நினைத்துப் பார்த்தேன். பொறாமையாக இருந்தது.

ஜூலை 4, வெள்ளி

ஆறாவது ஆள் பள்ளிக்கூட டீச்சர் ஆகிவிட்டாள். சார் பெயர் கேட்டார். "ரத்தம் கொடுத்தவங்க பேரை யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொல்லிக் கொடுத்தீங்க" என்றேன். அவருக்கு மகிழ்ச்சி, மாணவி விதியை மறக்கவில்லை என்று. எனக்கு ஒரு நிமிடம் வெட்கமாக இருந்தது. ஒரு நிமிடம்தான்.

அம்மா கோவில்பட்டியிலிருந்து பேசினாள். தூத்துக்குடியில் ஒரு மாப்பிள்ளை, துறைமுகத்தில் வேலை. குரல் ஏன் சோர்ந்திருக்கிறது என்று கேட்டாள். சிக்னல் சரியில்லை என்றேன்.

ஜூலை 8, செவ்வாய்

"டீச்சர் இன்னும் அருவியில இருந்து எறங்கலையா?" என்றார் சார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "வீக்கத்தை மருந்து கொடுத்து அடக்கிடலாம். அரிச்சுப்போன எலும்பு திரும்ப வராதும்மா. அது உனக்குத் தெரியும். அந்த டீச்சருக்குத் தெரியாது."

விடுதி அறைக்கு வந்ததும் இசக்கி என் வலது மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைப் பெண் கதவைத் தட்டினாள்.

"காலையில எந்திரிச்சதும் எம்புட்டு நேரம் வெரலு மடங்க மாட்டேங்கு? உள்ளதைச் சொல்லு."

"பல் தேய்க்கிற வரைக்கும்..."

"பொய்! பிரஷ்ஷையே நேத்து ரெண்டு கையால பிடிச்சுட்டு நின்ன. நீ படிச்ச படிப்பெல்லாம் ஊரான் மூட்டுக்கு மட்டுந்தானாட்டி?"

போடி என்றேன். போய்விட்டாள். விளக்கையும் அணைத்துவிட்டாள்; சுவிட்சைப் போட நான் எழவேண்டும் என்பதற்காக.

எழவில்லை. ஒச்சம்மாள் அக்காவின் ஞாபகம் வந்தது. உசிலம்பட்டியில் புருஷனோடு பரோட்டா கடை நடத்துகிறவள். என் நோயாளிகளில் ஒருத்தி. ஆறு வருடம் எண்ணெய் தடவியே ஓட்டிவிட்டு மருத்துவமனைக்கு வந்தாள். விரல்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும், காற்றில் சாய்ந்த பயிர்போல. அந்த விரல்களைப் பார்க்காமல், முழங்கையை மட்டும் பார்த்து ரத்தம் எடுக்க நான் பழகியிருந்தேன்.

ஜூலை 14, திங்கள்

மோசம் போனேன். வியாழக்கிழமை காலை டாக்டரிடம் டீச்சருக்காகச் சாரே நேரம் வாங்கிவிட்டார். "அவங்களுக்குப் பயமா இருக்கும்போல. நானும் வாரேன். நான் பேசினா கேப்பாங்க."

இசக்கியிடம் ஓடினேன். ஒரு டீச்சரை வாடகைக்குப் பிடிக்க முடியுமா?

"எங்க அத்தையைக் கூட்டியாரட்டா? அவளுக்குப் போன வருசம் சிக்குன்குனியா வந்துச்சு. ஆளு பாக்கதுக்கும் டீச்சர் மாதிரிதான் இருப்பா, யாரைக் கண்டாலும் திட்டுவா."

அரைக்கணம் யோசித்தேன் என்பதுதான் என் நிலைமை.

ஜூலை 17, வியாழன்

மருத்துவமனை வராந்தா. சார் எனக்கு முன்பே வந்து, தன் பக்கத்து நாற்காலியில் கைக்குட்டையைப் போட்டு டீச்சருக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்.

"எங்கம்மா? வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க சார்."

எழுந்து வாசல் பக்கம் பார்த்தார். சட்டைக் காலரைச் சரிசெய்தார். "எங்க? அந்தப் பச்சைச் சேலையா?"

"இல்ல சார்."

"பின்ன?"

"குர்தா போட்டிருக்காங்க சார்."

வாசலில் குர்தா போட்டவர் யாரும் இல்லை. சார் திரும்பி என்னைப் பார்த்தார். என் முகத்தை, என் குர்தாவை, கடைசியாக என் கைகளை. வலது கையை இடது கையால் மூடிக்கொண்டேன். இரண்டுமே வீங்கியிருந்ததால் அதில் பெரிய பயன் இல்லை.

திட்டப்போகிறார் என்று நின்றேன். கைக்குட்டையை எடுத்தார்.

"உக்காரு."

உட்கார்ந்தேன்.

கைக்குட்டையை நாலாக மடித்துப் பையில் வைத்துவிட்டு, "குற்றாலத்துல தண்ணி நல்லா விழுதாமா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, இரண்டும் சரியாக வராமல் விக்கல் வந்தது.

ஜூலை 19, சனி

டாக்டர் மெஹருன்னிசா ஒவ்வொரு மூட்டாக அழுத்திப் பார்த்தார், பழக்கடையில் மாம்பழம் பார்ப்பதுபோல. சோதனைகள் எல்லாம் ஒரே குரலில் சொல்லிவிட்டன. எனக்கு முடக்குவாதம். எக்ஸ்ரேயில் எலும்பு இன்னும் அரிக்கவில்லை.

"சீக்கிரம் வந்துட்டீங்க" என்றார் டாக்டர். வராந்தாவில் உட்கார்ந்திருந்த சாருக்குக் கேட்டிருக்கும். இருமினார்.

மெதோட்ரெக்சேட். வாரத்தில் ஒரே ஒரு நாள். தினமும் போட்டால் ஆபத்து. மறுநாள் ஃபோலிக் ஆசிட். மாதம் ஒருமுறை ரத்தமும் கல்லீரலும் பார்க்க வேண்டும். இதையெல்லாம் நோயாளிகளுக்கு நானே ஒப்பித்திருக்கிறேன். ஆனாலும் முதல்முறை கேட்பவள்போல வாயைத் திறந்துகொண்டு கேட்டேன்.

"எந்தக் கிழமை வச்சுக்கிறீங்க?"

"திங்கள், மேடம். எப்படியும் கெட்ட கிழமைதான்."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"அம்மா தேடுறாங்க. நான் ஒளியுறேன்."

"கண்டுபிடிச்சிட்டாங்கன்னா எனக்குச் சொல்லணும். குழந்தை பெத்துக்கணும்னு நெனச்சா இந்த மாத்திரையை முன்கூட்டியே நிறுத்தணும். மறைச்சுடாதீங்க." மறைப்பதில் எனக்குள்ள திறமை அவர் காதுக்கும் போய்விட்டது என்று தெரிந்தது.

ஜூலை 20, ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன். நான்கு விதமாக ஆரம்பித்தேன். நான்கும் சாப்பாட்டைப் பற்றிப் போய் முடிந்தன. ஐந்தாவது தடவை, "எனக்கு முடக்குவாதம்மா" என்று நேராகப் போட்டு உடைத்தேன்.

போனில் எங்கள் வீட்டு மிக்சி சத்தம் கேட்டது. பிறகு மிக்சி நின்றது.

"வலிக்குதா?"

"காலையில வலிக்கும்."

"மாத்திரை இருக்கா?"

"இருக்கு. நாளைக்கு ஆரம்பிக்கிறேன். ரொம்ப நாளைக்குப் போடணும்மா."

"தூத்துக்குடிக்காரங்களுக்குச் சொல்லணுமா?"

"சொல்லணும்."

"சொல்லுவோம். சொன்னதும் ஓடுறவன் ஓடட்டும், எனக்கு வடிகட்டுற வேலை மிச்சம்." மிக்சி மறுபடி ஓடியது. காலியாக ஓடுகிற சத்தம் எனக்குத் தெரியும். அதற்குள் ஒன்றும் இல்லை.

ஜூலை 22, செவ்வாய்

'லேசா குமட்டும், வேற ஒண்ணுமில்ல' என்று மூன்று வருடமாக நோயாளிகளிடம் சொல்லிவந்தேன். 'லேசா' என்ற சொல்லை இன்று முதல் வாபஸ் வாங்குகிறேன். மெஸ்ஸில் முட்டைக்குழம்பு. வாசனை வந்த திசையைக்கூடப் பார்க்க முடியவில்லை. இசக்கி என் பங்கையும் சாப்பிட்டுவிட்டு, "உனக்காகத்தாம்ட்டி" என்றாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சார் கணக்கைத் தீர்த்தார். ஆறாவது ஆளின் முடிவுகள் ஆய்விலிருந்து நீக்கம். விதியை மீறியதை நெறிமுறைக் குழுவுக்கு நானும் இசக்கியும் எங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்தோம். கண்டிப்புக் கடிதம் வந்தது. ஆனால் டாக்டர் என்னிடம் மருந்துக்கு முன்பே முறைப்படி ஒப்புதல் வாங்கி ரத்தம் எடுத்து வைத்திருந்தார். அதனால் நான் நோயாளியாகச் சேரக் குழு அனுமதித்தது. ஒரு நிபந்தனை: என் ரத்தத்தின் பக்கமே நான் போகக் கூடாது. எல்லாம் இசக்கி செய்வாள், சார் சரிபார்ப்பார்.

ஆரோக்கியமான ஆள் ஒருவர் குறைந்தார். "நானே கொடுக்கேன்" என்று சார், குழுவிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, முழுக்கைச் சட்டையை மடித்தார். தைரியநாதன் என்று பெயர் வைத்த பெரியவர்கள் அந்த நேரம் அங்கே இருந்திருக்க வேண்டும். ஊசி தோலைத் தொடும் முன்பே, "இசக்கி, மேல ஃபேன் ஓடுதா?" என்றார். அப்படியே மேசையில் சாய்ந்துவிட்டார். கண் விழித்ததும் முதல் கேள்வி: "ரத்தம் வந்துச்சா?" வரவில்லை. அதற்குள் அவரே மறுபடியும் கையை நீட்டினார், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு.

அவருடைய வெள்ளணுக்கள் பரம சாதுக்கள். வெளுத்த மோர்.

ஆகஸ்ட் 21, வியாழன்

மருத்துவமனை வரிசையில் ஒச்சம்மாள் அக்கா. என் கையில் நோயாளிச் சீட்டைப் பார்த்ததும் கண்ணை அகல விரித்தாள்.

"ஏ ஊசிப்பொண்ணு! எங்க ரத்தத்த எடுத்து எடுத்து ஒனக்கும் ஒட்டிக்கிருச்சாக்கும்?"

வரிசையே திரும்பிப் பார்த்தது. இது ஒட்டுகிற நோய் இல்லை, நம் உடம்பின் காவல்காரனே வீட்டுக்காரனை அடிக்கிற நோய் என்று எல்லோருக்கும் கேட்கும்படி விளக்கினேன்.

"அப்ப அந்த மாத்தர காவக்காரனக் கொன்னுருமா?"

"கொல்லாதுக்கா. கொன்னா காய்ச்சல் வந்தா யாரு பார்க்கிறது? சத்தத்தைக் குறைக்கச் சொல்லும். அதுக்கு வாரக்கணக்காகும்."

"எங்கூட்டுக்காரருக்கும் அத ரெண்டு எழுதித் தரச் சொல்லு தாயி" என்றாள். பிறகு என் கையைத் தன் சாய்ந்த விரல்களுக்குள் வாங்கி, மெதுவாக, வலிக்காத இடமாகப் பார்த்துப் பிடித்தாள். எங்கே வலிக்காது என்று டாக்டருக்குக்கூட அவ்வளவு சரியாகத் தெரியவில்லை.

இந்தமுறை அந்த விரல்களைப் பார்த்தேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஒன்றும் நடக்கவில்லை. கை அப்படியே இருக்கிறது. மெதோட்ரெக்சேட் அணுவைச் சுற்றி அடினோசின் என்ற பொருளைக் கூட்டுகிறது. அது அணுவின் காதில் 'போதும், போதும்' என்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று என் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் மிக அழகாக எழுதியிருக்கிறேன். என் அணுக்கள் அந்த அத்தியாயத்தை இன்னும் படிக்கவில்லை.

"யாரு பேச்சையும் கேக்காத பொம்பளைக்கு வேற எப்படிட்டி செல்லு இருக்கும்?" என்கிறாள் இசக்கி.

செப்டம்பர் 26, வெள்ளி

தலைமுடியை நானே பின்னினேன். பின்னி முடித்த பிறகுதான் அது தெரிந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. உடனே சொன்னால் நாளைக்கே மறுபடியும் பிடித்துக்கொள்ளும் என்று ஒரு பயம். அறிவியல் படித்தவள்தான். இருந்தாலும்.

அக்டோபர் 16, வியாழன்

என் மூன்று மாத ரத்தத்தை இன்று இசக்கி பரிசோதித்தாள். நான்கு வருடம் நான் ஆண்ட ஆய்வகம். எனக்கு உள்ளே இடமில்லை. வெளியே நாற்காலி போட்டுத் தந்தார்கள். கதவில் கைப்பிடிக்கு மேலே ஒரு கண்ணாடிச் சதுரம். அதன் வழியாக இசக்கி பிப்பெட்டைப் பிடிக்கும் கோணம் சரியில்லை என்று சைகை காட்டினேன். அவள் எழுந்து வந்து கண்ணாடியில் ஒரு காகிதத்தை ஒட்டி மறைத்துவிட்டுப் போனாள். காகிதத்தில் 'நோயாளிகள் அமைதி காக்கவும்' என்று எழுதியிருந்தது.

தூத்துக்குடிக்காரர்கள் பதில் சொல்லிவிட்டார்களாம். பையன் ஓடவில்லை, பையனுடைய அம்மா ஓடிவிட்டாள். பையன் மட்டும் தனியாக என் அம்மாவுக்குப் போன் செய்து, மாத்திரையின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டானாம். எதற்கென்று தெரியவில்லை. இருக்கட்டும்.

கடைசியில் கதவு திறந்தது. சார் தட்டோடு வந்தார், பின்னால் இசக்கி. எட்டிப் பார்த்தேன். ஜூலையில் எடுத்த ரத்தம் அதே பழைய மஞ்சள். பக்கத்தில் இன்றைய ரத்தம். மோர் இல்லை. மஞ்சளும் இல்லை. எலுமிச்சை சாதம் தீர்ந்த பிறகு தட்டில் நிற்குமே ஒரு நிறம், அது.

"பாதி குறைஞ்சிருக்கு" என்றார் சார்.

"பாதிதானா சார்?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மெதுவாகத்தான் பேசினார்.

"நாலு வருசமா உன்னை மேய்ச்சுக்கிட்டிருக்கேன். உன் சம்பந்தப்பட்ட ஒண்ணு பாதி அடங்கி இன்னைக்குத்தாம்மா பாக்கேன்."

இசக்கி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். மருந்தின் அளவைக் கொஞ்சம் கூட்டலாம் என்று டாக்டர் சொல்லியிருப்பதாகச் சார் சொன்னார். சரி என்றேன். அப்போது ஏனோ என் கண்களில் தண்ணீர் வந்து நிற்காமல் வழிந்தது. கதவு திறந்திருந்தது, உள்ளே யாரோ அமிலப் புட்டியை மூடாமல் வைத்திருக்க வேண்டும்.